அரைக் கப் அவித்த பயறு

1

இந்தக் கதை ஒரு நோட்டுப் புத்தகத்திலிருந்து வந்தது. கனவில் தோன்றியது, பஸ் ஜன்னலோரம் உதித்தது என்றெல்லாம் உங்களிடம் அளக்கப் போவதில்லை. நீல அட்டை போட்ட நோட்டு. மேலே 'தினசரி உணவுக் குறிப்பு' என்று ஒரு சீட்டு ஒட்டியிருக்கும். உள்ளே மூன்று மாதச் சாப்பாடு இருக்கிறது. அவ்வளவும் பொய். எழுதியவள் தங்கை, சாப்பிட்டதாகச் சொல்லப்படுகிறவர் அண்ணன்.

அந்தத் தங்கை நான்தான். இருந்தாலும் 'அவள்' என்றே எழுதப் போகிறேன். 'நான்' என்று தொடங்கினால் இரண்டாம் பத்தியிலேயே எனக்கு நானே வக்கீலாகிவிடுவேன். எனக்கு என்னைத் தெரியும்.

2

தொடக்கம் சரியாக அமையவில்லை. நான்கு நாள் உட்கார்ந்து பார்த்தேன்.

'பேக்கரிக்குள் நுழைந்ததும் சர்க்கரை கருகும் வாசனை அவளை' (வேண்டாம். நீரிழிவுக் கதைக்கு முதல் வரியிலேயே சர்க்கரையா? வாசகர் என்ன பச்சைக் குழந்தையா?)

'இன்றைய அவசர உலகில் உணவுப் பழக்கம்' (இது மருத்துவமனைச் சுவரில் ஒட்டுகிற நோட்டீஸ்.)

சரி, இருப்பதைச் சொல்கிறேன். அண்ணன் ஒரு பேக்கரியில் அடுப்புக்குப் பொறுப்பாளர். இருபத்திரண்டு வருட வேலை. அங்கே ஒரு வழக்கம் உண்டு. ஒவ்வொரு ஈடு ரொட்டி வெளியே வந்ததும் ஒன்றை அறுத்து, அடுப்புக்காரர் ஒரு துண்டைத் தின்று பார்த்துத் தலையாட்ட வேண்டும். அவர் தலையாட்டாமல் ஒரு ரொட்டியும் கடைக்குப் போகாது. ஒரு நாளைக்குப் பதினான்கு ஈடு. போதாததற்கு உடைந்த பன்னும் கேக் ஓரமும் யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். அண்ணனுக்கு நாற்பத்தாறு வயதில் சர்க்கரை வியாதி வந்ததில் யாருக்கும் ஆச்சரியம் இல்லை, அவரைத் தவிர.

3

மருத்துவமனையில் உணவு ஆலோசகர் ஒரு பெண். அண்ணன் அவருக்குச் 'சாப்பாட்டு டீச்சர்' என்று பெயர் வைத்தார். அந்த டீச்சர் பொறுமையாகத்தான் சொன்னார்.

"வெள்ளை மாவு ரத்தத்துல சர்க்கரையை விறுவிறுன்னு ஏத்தும். முழு தானியம், பயறு, கீரை, தோலோட பழம் எல்லாம் நின்னு நிதானமாத்தான் ஏத்தும். சாப்பாட்டை மாத்தினா நிறைய பேருக்கு இது கைக்குள்ள அடங்குது. ஆனா நீங்க என்ன சாப்பிடறீங்கன்னு எனக்குத் தெரியணும். வாயில போடற ஒவ்வொண்ணையும் இதுல எழுதுங்க."

வெளியே வந்ததும் அண்ணன் நோட்டைத் தங்கையிடம் நீட்டினார்.

"பதினாலு துண்டு ரொட்டின்னு எழுதினா அந்தம்மா மயக்கம் போட்டுடும். நீதான் கதை எழுதறவளாச்சே. எனக்கும் நல்லதா நாலு எழுதிக் குடேன்."

"அண்ணா, இது தப்பு."

"மூணு மாசம்தான். அதுக்குள்ள நான் மெதுவா மாறிக்கறேன்."

அப்போது தங்கையின் கதைகள் எதுவும் அச்சில் வந்திருக்கவில்லை. அனுப்பியதெல்லாம் போன வேகத்தில் திரும்பி வந்துகொண்டிருந்த காலம். 'தப்பு' என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய் முதல் பக்கத்தை எழுதினாள். காலை: தோலோடு ஓர் ஆப்பிள், ஓட்ஸ். மதியம்: அரைக் கப் அவித்த பயறு, கீரை, ஒரு சின்ன முழுக் கோதுமை ரொட்டி. எழுத எழுத அவளுக்குப் பிடித்துப்போயிற்று. எல்லா நாளும் ஒழுங்காகச் சாப்பிட்டால் நம்ப மாட்டார்கள் என்று ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு துண்டு கேக்கைச் சேர்த்து, பக்கத்தில் 'மன்னிக்கவும்' என்று எழுதினாள். அந்த 'மன்னிக்கவும்' அவளுக்கே மிகவும் பிடித்திருந்தது.

[அடிக்குறிப்பு மாதிரி ஒன்று: 'அரைக் கப்' என்ற அளவு எங்கிருந்து வந்தது? எங்கிருந்தும் வரவில்லை. 'ஒரு கப்' என்றால் பேராசை மாதிரி இருந்தது, 'கால் கப்' என்றால் பட்டினி மாதிரி. அரைக் கப் காதுக்கு நன்றாக இருந்தது. எட்டு மணி நேரம் அடுப்பு முன்னால் நிற்கிற ஒரு மனிதருக்கு அது காணுமா என்று அவள் யோசிக்கவே இல்லை.]

கையெழுத்து வேறாக இருக்கிறதே என்று டீச்சர் கேட்டதற்கு, "என் கை எப்பவும் மாவு. நான் சொல்லச் சொல்லத் தங்கச்சி எழுதறா" என்றார் அண்ணன். அண்ணியும் அதையே நம்பினார். அண்ணிக்கு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை; அண்ணன் கிளம்புவதற்கு முன்பே போய்விடுவார். பேக்கரி கேன்டீனில் தனக்குத் தனிச் சாப்பாடு தருகிறார்கள் என்று அண்ணன் அவரிடம் சொல்லியிருந்தார்.

டீச்சர் பக்கத்துக்குப் பக்கம் பச்சை மையில் டிக் போட்டார். "இவ்ளோ அழகா யாரும் எழுதினதில்லை" என்று நான்கு பக்கங்களைப் பிரதி எடுத்து மற்ற நோயாளிகளுக்குக் காட்ட வைத்துக்கொண்டார். தங்கைக்குக் கிடைத்த முதல் வாசகர் அவர்தான். சொல்ல வெட்கமாக இருக்கிறது, அன்று அவள் தரையில் நடக்கவில்லை.

4

மூன்று மாதம் கழித்து டாக்டர் ரத்தப் பரிசோதனையையும் நோட்டையும் அருகருகே வைத்துப் பார்த்தார்.

"நோட்டு சரியா இருக்கு. ரத்தம்தான் சரியா இல்லை. இவ்ளோ ஒழுங்கா சாப்பிட்டும் குறையலைன்னா மருந்து போதலைன்னு அர்த்தம். மாத்திரையை ரெண்டு மடங்காக்கறேன். அடுத்த தடவையும் இப்படியே இருந்தா ஊசிதான்."

ஊசி என்றதும் அண்ணனின் முகம் மாறிவிட்டது. பஸ் நிறுத்தத்துக்கு வந்ததும் சொன்னார்.

"போதும். இனிமே நிஜமாவே மாறிடறேன். புதுசா ஒண்ணும் யோசிக்க வேணாம். நீ எழுதினதையே முதல் பக்கத்துலேர்ந்து ஒவ்வொரு நாளா சாப்பிடறேன்."

தங்கைக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. எழுதியது நடக்கப் போகிறதே!

(இந்த இடத்தில் எனக்கே தங்கை மீது சந்தேகம் வருகிறது. மாத்திரை கூட்டப்பட்டது பொய்ச் சாப்பாட்டை நம்பி. இப்போது சாப்பாடு உண்மையாகப் போகிறது. மாத்திரையும் தட்டும் ஒன்றையொன்று பார்த்துப் பேச வேண்டாமா? நாலு எழுத்துப் படித்தவளுக்கு இது தோன்றியிருக்காதா? தோன்றவில்லை என்றுதான் இந்தக் கதையின் முதல் மூன்று வரைவுகளிலும் எழுதினேன். தோன்றியது. நான்காம் நாள், துணிக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தபோது தோன்றியது. மருத்துவமனைக்குப் போன் செய்யலாம் என்று எடுத்தாள். சொன்னால் டீச்சருக்குத் தெரியும், அந்த நான்கு பிரதிகளும் குப்பைக்குப் போகும். போனைக் கீழே வைத்துவிட்டு மீதித் துணியைத் தேய்த்தாள்.)

5

அண்ணன் நோட்டை அண்ணியிடம் கொடுத்து, "கேன்டீன்ல இந்தச் சாப்பாட்டை நிறுத்திட்டாங்க. நீ இதே மாதிரி செஞ்சு குடு" என்றார். அண்ணி எதையும் அரைகுறையாகச் செய்கிறவர் இல்லை. டிக் போட்ட பக்கங்களை டாக்டர் சீட்டுக்குச் சமமாக மதித்து, அளந்து அளந்து வைத்தார். ஒரு கரண்டி கூடுதலில்லை, ஒரு கரண்டி குறைவில்லை. காலையில் வீட்டிலேயே அண்ணனின் விரலில் குத்திச் சர்க்கரை பார்த்து, வந்த எண்ணையும் அந்தந்தப் பக்கத்தின் ஓரத்தில் எழுதினார். அண்ணன் அடுப்படியில் ரொட்டி தின்று பார்க்கும் வேலையைப் பக்கத்தில் இருந்தவரிடம் விட்டுவிட்டார்.

பதினோராம் நாள் மதியம் அவருக்குக் கை நடுங்கியது, வியர்த்தது. அடுப்பு முன்னால் வியர்ப்பதை யார் கவனிப்பார்கள்? தட்டை இழுக்கப் போனவர் அப்படியே சாய்ந்தார். இடது கை அடுப்புக் கதவில் விழுந்தது.

கூட வேலை செய்கிறவர்கள் வாயில் சர்க்கரைத் தண்ணீர் ஊற்றியதால் உயிர் பிழைத்தார். இடது கையின் மூன்று விரல்கள் இன்றுவரை மடங்குவதில்லை.

மருத்துவமனையில் டாக்டர் கேட்டார்: "சர்க்கரை ரொம்ப இறங்கிடுச்சு. சாப்பாட்டுல ஏதாவது மாத்தினீங்களா?"

அண்ணன் தங்கையைப் பார்த்தார். "இல்லையே டாக்டர். எப்பவும் போலத்தான்."

"நோட்டுல இருக்கறதேதான் டாக்டர்" என்றார் அண்ணி. "நானே அளந்து வச்சேன்."

கட்டிலின் கால்மாட்டில் தங்கை நின்றுகொண்டிருந்தாள். வாயைத் திறக்க அவளுக்கு ஒரு நிமிடம் கிடைத்தது. டாக்டர் காத்திருந்தார், பிறகு மாத்திரையைக் குறைத்து எழுதிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனார்.

6

அண்ணன் எடுத்த முடிவு இது: "பேக்கரிக்காரன் ரொட்டி திங்காம இருந்தா உடம்பு கேக்குமா? கீரையும் பயறும்தான் என்னைச் சாய்ச்சுது." பழையபடி ரொட்டிக்குப் போய்விட்டார். இது நடந்து ஐந்து வருடமாகிறது. வலது கண்ணில் பாதி மங்கல். காலில் ஒரு புண் மாதக்கணக்கில் ஆறாமல் இருக்கிறது.

அண்ணி எடுத்த முடிவு வேறு. ஒருநாள் பாத்திரம் கழுவிக்கொண்டே, திரும்பிப் பார்க்காமல் சொன்னார்.

"கேன்டீன்காரன் அதையேதான் மூணு மாசம் போட்டான், ஒண்ணும் ஆகலை. நான் பதினோரு நாள் சமைச்சேன், விழுந்துட்டார். அப்போ தப்பு என் கையிலதானே?"

அன்றிலிருந்து அண்ணன் கேட்டதையெல்லாம் வைக்கிறார். கேட்பதற்கு முன்பே வைக்கிறார். 'இது வேண்டாம்' என்று சொல்லும் தைரியம் அவருக்குப் போய்விட்டது. அதை எடுத்துக்கொண்டவள் தங்கை. இதைவிடச் சுருக்கமாக எனக்கு எழுதத் தெரியவில்லை.

7

முடிவுகளைப் பார்ப்போம்.

முதல் முடிவு: தங்கை எல்லாவற்றையும் சொல்கிறாள், அண்ணி அழுகிறார், பிறகு கட்டிக்கொள்கிறார். (கட்டிக்கொள்ள வைக்கிறவள் நான்தானே? அந்தச் சலுகையை எனக்கு யார் கொடுத்தது?)

இரண்டாவது முடிவு: அண்ணனே சொல்லிவிடுகிறார். (சொல்ல மாட்டார். 'அவகிட்ட மட்டும் சொல்லிடாத' என்று என்னிடம் கையைப் பிடித்துக் கேட்டவர் அவர்.)

மூன்றாவது முடிவு: காலப்போக்கில் எல்லாம்

(காலம் போய்க்கொண்டுதான் இருக்கிறது. புண் ஆறவில்லை.)

8

முடிவை வாசகரிடம் விட்டுவிடுவது எங்கள் தொழிலில் சகஜம். கைதட்டலும் கிடைக்கும், பொறுப்பும் கழியும். எனக்கு அந்த வசதி இல்லை. நான் எழுதுவது எதுவும் அச்சுக்குப் போவதற்கு முன் ஒருவர் பிழை பார்த்துத் தருகிறார். பென்சிலும் கையுமாக உட்கார்ந்து, ஓர் ஒற்றெழுத்தைக்கூட விடமாட்டார். அவரைத் தவிர வேறு யாரும் இந்தக் காகிதத்தை இன்னும் படிக்கவில்லை.

அண்ணி, நீங்க இப்போ பென்சிலைக் கீழ வச்சிருப்பீங்கன்னு நினைக்கறேன்.

கேன்டீன்ல அப்படி ஒரு சாப்பாடே கிடையாது. நோட்டுல மூணு மாசம் நான் எழுதினது பொய். பக்க ஓரத்துல நீங்க எழுதின பதினோரு எண் மட்டும்தான் உண்மை. இருநூத்தி முப்பத்தொண்ணுல ஆரம்பிச்சு நூத்திப் பதினெட்டுல முடியுது. உங்க சமையல் அவரைச் சாய்க்கலை, அண்ணி. சர்க்கரையைக் கீழ கொண்டுவந்துக்கிட்டு இருந்துச்சு. ரெண்டு மடங்கு மாத்திரை உள்ள போயிட்டிருக்குன்னும், அந்த அளவு நான் வாய்க்கு வந்தபடி எழுதினதுன்னும் உங்ககிட்ட சொல்ல வேண்டியவ நான். சொல்லலை.

டாக்டர்கிட்ட நாளைக்குக் காலையில நேரம் வாங்கியிருக்கேன். உள்ளதைச் சொல்லிக் கேட்டா, மாத்திரையும் சாப்பாடும் ஒத்துப்போற மாதிரி மறுபடி ஆரம்பிக்கலாம்னு சொல்லுவாரோ என்னவோ. நீங்க வரணும்னு இல்லை, வந்தா நல்லது.

இதைப் படிச்சு முடிச்சதும் நீங்க என்ன சொல்லுவீங்கன்னு நான் எழுதலை. ஒருத்தர் சாப்பிடாததை அவருக்காக எழுதி ஆனதெல்லாம் போதும். நீங்க சொல்ல வேண்டியதையும் நானே எழுத மாட்டேன். முன்னறையில அண்ணன் பக்கத்துல உக்காந்திருக்கேன்.