வடக்கு முற்றத்து நிழல்

1

இந்தக் கதை ஒரு பெரிய ஓவியத்திலிருந்து வந்தது என்று சொன்னால் கௌரவமாக இருக்கும். உண்மையில் வந்தது ஒரு நிழலிலிருந்து. திருச்சியில் ஒரு வீட்டில் காபிக்குக் காத்திருந்தபோது சுவரில் நீர்வண்ணப் படம் ஒன்றைப் பார்த்தேன். மூன்று மாடிக் கட்டடம், முற்றம், பெஞ்சுகள், அவற்றின்மேல் நீலமும் ஊதாவும் கலந்த நிழல். "ஜெர்மனில, டார்ம்ஸ்டாட்ல படிக்கறப்ப யாரோ போட்டது" என்றார்கள். காபி வந்தது, பேச்சு மாறிவிட்டது. மீதியெல்லாம் என் கைச்சரக்கு.

2

தொடக்கத்தைப் பல முறை எழுதினேன்.

'வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்த ஒரு—' வேண்டாம். ஜெர்மனி என்றதும் பனியைக் கொட்டாவிட்டால் நமக்குக் கை நிற்காது.

'கிரிஜா கணவனோடு வந்தவள்தான், ஆனாலும் அவள்—' இந்த 'ஆனாலும்' அவளுக்கு வக்காலத்து வாங்குகிறது. அவள் கேட்கவில்லை. அடித்துவிட்டேன்.

நேரே போகிறேன். 1971, ஜூன். கிரிஜா டார்ம்ஸ்டாட்டில் கட்டடக்கலை இறுதி ஆண்டு மாணவி. கணவன் சேஷாத்ரி அங்கேயே ரசாயன ஆராய்ச்சியை முடித்து, சென்னையில் வேலை கிடைத்து, செப்டம்பரில் ஊர் திரும்ப வேண்டியவன். பட்டத்துக்காக அவள் வரைந்திருப்பது ஒரு முதியோர் இல்லம்.

3

கட்டடம் கண்ணுக்கு எப்படித் தெரியுமோ அப்படி வரையும் பெர்ஸ்பெக்டிவ் படத்தில் முதலில் போடுவது கண்மட்டக் கோடு. பார்ப்பவர் நின்றால் அது உயரும், உட்கார்ந்தால் இறங்கும். கிரிஜா அதை இறக்கிப் போட்டாள். பெஞ்சில் உட்கார்ந்த ஒரு வயதான அம்மாளின் கண் எங்கே இருக்குமோ, அங்கே. முற்றத்தின் ஓரங்கள், ஜன்னல் வரிசைகள் எல்லாம் அந்தக் கோட்டில் ஒரே புள்ளிக்குப் போய் மறைந்தன. நிழலுக்குக் கறுப்பை அவள் தொடவே இல்லை. வெயில் மஞ்சள் என்றால் நிழலில் அதன் எதிர்நிறமான ஊதா தெரியும் என்பது வகுப்பில் படித்த பாடம்.

(நானும் அவள் பக்கத்தில்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். சேஷாத்ரி இங்கிருந்து கொஞ்சம் சின்னதாகத் தெரிந்தால் குற்றம் அவனுடையது அல்ல.*)

* நல்ல மனிதன். ரசம்கூட வைப்பான்.

4

பேராசிரியர் லோரென்ஸ் படத்தின் முன்னால் வெகுநேரம் நின்றார்.

"இந்த நிழல் அற்புதம். எந்த நேரத்து நிழல்?"

"எந்த நேரமும் இப்படித்தான்," என்றாள் கிரிஜா பெருமையாக. "முற்றத்தை வடக்கே வைத்திருக்கிறேன். இந்த ஊரில் சூரியன் தெற்கேதான் போகிறது, கட்டடமே வெயிலை மறைத்துவிடும். பெஞ்சுகளில் வெயில் படவே படாது."

"என் அம்மாவுக்கு எண்பது வயது. வெயில் எங்கே விழுகிறது என்று பார்த்து நாற்காலியை நகர்த்திக்கொண்டே இருப்பாள். அவளை இங்கே உட்கார வைப்பீர்களா?"

கிரிஜாவின் முகம் செத்துவிட்டது. பெரியவர்களுக்கு நிழலில் இடம் போட வேண்டும் என்பதை அவள் யோசித்துக்கூட முடிவு செய்யவில்லை. டார்ம்ஸ்டாட்டின் குளிர்காலங்களைப் பல்லைக் கடித்துக்கொண்டு கழித்தவள்தான். தாளின் முன் உட்கார்ந்ததும் கை மட்டும் அவள் வளர்ந்த திருச்சியின் வெயிலுக்குப் பயந்துவிட்டது.

(இத்தனை மாதம் இதை ஒருவரும் பார்க்கவில்லையா என்று கேட்பீர்கள். பேராசிரியர் வெளிநாட்டில் இருந்தார். உதவியாளர் படிக்கட்டையும் கதவையும்தான் அளந்தார். இந்தக் காரணம் எனக்கும் முழுதாகத் திருப்தி இல்லை. இருக்கட்டும்.)

பெஞ்சை நகர்த்தினால் தீராது. முற்றம் தெற்கே வர வேண்டுமென்றால் கட்டடத்தையே திருப்ப வேண்டும். படி, சமையலறை, அறைகள் எல்லாம் இடம் மாறும்.

"இப்படியே கொடுத்தாலும் பாஸ் போடுகிறேன்," என்றார் அவர். "திருத்துவதென்றால் இன்னொரு செமஸ்டர். திங்கட்கிழமை சொல்லுங்கள்."

இன்னொரு செமஸ்டர் என்றால் சேஷாத்ரி போய்விடுவான். அவள் இங்கே தனியாக இருக்க வேண்டும்.

5

"பாஸ் போடறேங்கறாரே, அப்பறம் என்ன யோசனை?" என்றான் சேஷாத்ரி. "ரெண்டு பேருக்கும் சேர்த்தே டிக்கெட் புக் பண்ணிடறேன்."

"ஏன்னா, அந்த பில்டிங்கே தப்பு."

"கட்டவா போறா? வெறும் டிராயிங்தானே கிரிஜா. காகிதத்துல யாரு வந்து உட்காரப் போறா?"

"காகிதத்துல இருக்கறவாளுக்கும் குளிருமே."

அவன் சிரிப்பான் என்று எதிர்பார்த்தேன். சிரிக்கவில்லை. சட்டைக் கையை மடித்து, பிரித்து, மறுபடி மடித்தான்.

"நீ இல்லாம நான் அங்க போய் என்ன பண்ணுவேன்?"

இதை நான் திட்டமிடவில்லை. அவனாகச் சொல்லிவிட்டான். கல்யாணமானதிலிருந்து அவன் இப்படிப் பேசி அவள் கேட்டதில்லை.  

6

இரண்டு முடிவுகள் எழுதிப் பார்த்தேன்.

ஒன்றில், அவர்கள் பிராங்பர்ட்டில் விமானம் ஏறுகிறார்கள். பட்டம் பெட்டியில் இருக்கிறது. சேஷாத்ரி ஜன்னல் இருக்கையை அவளுக்குக் கொடுக்கிறான். அவனுக்கு நன்றி சொல்ல வேண்டும் என்று நினைத்துக்கொண்டே அவள்—

இன்னொன்றில், நவம்பர். முற்றம் தெற்கே வந்துவிட்டது. கட்டப்படாத பெஞ்சுகளில் மஞ்சள் வெயில் விழுகிறது. அவள் அறையில் ஒரு தட்டுக்கு மட்டும் சோறு—

இரண்டையும் படித்துப் பார்த்தேன். அவளும் காகிதத்தில் இருப்பவள். எதில் விட்டாலும் அவளுக்குக் குளிர்கிறது, எனக்கு மனசு வரவில்லை.

திங்கட்கிழமை காலை. லோரென்ஸ் கதவைத் திறந்து, "என்ன முடிவு செய்தீர்கள்?" என்று கேட்டாயிற்று. கிரிஜா வாயைத் திறக்கிறாள். அவளை இங்கே தனியே விடுவதா, தப்பான கட்டடத்தோடு ஊருக்கு அனுப்புவதா என்று முடிவு செய்ய வேண்டியது இனி நீங்கள்தான். சொல்லுங்கள், அவர் காத்திருக்கிறார்.