தலைவர் கையிலிருந்து வழியும் நீர்

ஒரு தேசத்தின் நன்றி கல்லாகச் சமைந்து காலமெல்லாம் நிமிர்ந்து நிற்கப்போகும் புனித பூமி அது. போன வருஷம் வரைக்கும் அங்கே காலை ஐந்து மணிக்கு வாளிச் சண்டை நடக்கும்.

மலை ஊற்றை ஒரு குழாய்த் துண்டில் பிடித்து விழவைத்த பீலி அங்கே இருந்தது. தேயிலைத் தோட்டத்து மேற்பிரிவு லயத்தில் வரிசையாக ஒட்டியிருந்த இருபத்திரண்டு வீட்டுக்கும் அதுதான் தண்ணீர். கொட்டகலைப் பக்கம் மறைந்த தலைவரின் தேசிய நினைவகத்துக்குத் தோதான சமதரையும் அது ஒன்றுதான் என்று கொழும்பிலிருந்து வந்த வடிவமைப்பாளர் யோகேஸ்வரன் கண்டுபிடித்தார். பீலியை மறைத்துச் சிலை எழுந்தது. ஊற்று தலைவரின் உள்ளங்கை வழியாகத் தடாகத்தில் விழுந்தது.

"சிலைக்கு நாலு படி, நாலு தலைமுறை. கையிலிருந்து வழியும் நீர், அவருடைய கொடை" என்று விளக்கினார் யோகேஸ்வரன்.

"அவரு பொறக்கிறதுக்கு முன்னாடியே எங்களுக்கு வந்த தண்ணிங்க அது" என்றாள் காளியாயி. பறித்த கொழுந்தை எடை போட்டுவிட்டு, வாளியோடு நேரே வந்திருந்தாள்.

நினைவகக் குழுச் செயலாளர் ஆண்டியப்பன் குறுக்கே வந்தார். "அக்கா, வாளியெல்லாம் உள்ள கொண்டாரக் கூடாது. வெளிநாட்டுக்காரங்க வந்து பாக்கிற எடம்."

"பாக்கட்டும். நாங்க எதுல சோறாக்குறது, செயலாளரே?"

"ஒங்களுக்குத் தனியா பைப் போடுவாங்க. கடுதாசி போயிருக்கு."

"கடுதாசியில பருப்பு வேகுமா?"

மறுநாள் காளியாயி வாளி இல்லாமல் வந்தாள். சிலையின் பாதத்தில் மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, கற்பூரம் கொளுத்தினாள். ஆண்டியப்பன் செருப்பைக் கழற்றினார். கொழுந்து ஆலையின் சக்கரத்தையே முனியாக்கிக் கோழி அறுக்கிற தோட்டத்தில் பிறந்தவர் அவர். கற்பூரம் காட்டிவிட்டால் சாமி. சாமி கையிலிருந்து விழுந்தால் தீர்த்தம். தீர்த்தத்துக்கு வந்தவரைத் தடுத்த குடும்பம் விளங்காது.

"தீர்த்தம் எடுத்துக்கலாமுங்களா?" என்றாள் காளியாயி. அவளுக்குப் பின்னால் இருபத்தொரு பெண்கள் குடங்களோடு நின்றார்கள்.

"கொடத்துலயா அக்கா தீர்த்தம்?"

"வீட்டுல ஆறு பேருங்க."

ஆண்டியப்பன் கன்னத்தில் போட்டுக்கொண்டு ஒதுங்கினார். யோகேஸ்வரனுக்கோ கண் கலங்கியது. தன் வடிவத்தில் இப்படி ஓர் அர்த்தம் இருப்பதைத் தானே அறியவில்லை என்று சொல்லிப் படம் எடுத்துக்கொண்டார்.

தினமும் இருவேளையும் மக்கள் திரண்டு வந்து தலைவரைத் தரிசிக்கிறார்கள் என்று குழு கொழும்புக்கு அறிக்கை அனுப்பியிருக்கிறது. பைப் இன்னும் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் பக்தர்கள் சோப்போடு வருகிறார்கள்.