ஒரு விரல் தள்ளி

தம்பிக்குக் கட்டுப் போடுவதென்றால் அக்காவுக்குக் கை தாராளம். விடியற்காலை பேக்கரி அடுப்பிலிருந்து தட்டை இழுக்கும்போது சூடு பட்டு, அவனுடைய இடது சுட்டுவிரல் நுனி கொப்புளித்திருந்தது. மருந்தைத் தடவித் துணியை ஒரு சுற்றுச் சுற்றினால் போதும். அவள் சுற்றிக்கொண்டே போனாள்.

"போதும்க்கா. விரல் தலகாணி மாதிரி ஆயிடுச்சு."

"பேசாம இரு. சீழ் வெச்சா யாரு பாக்கறது?"

இன்னும் இரண்டு சுற்று சுற்றி, துணியைப் பல்லால் கிழித்து முடிச்சுப் போட்டாள். அவன் விரலைத் தூக்கிப் பார்த்துச் சிரித்தான். வயது நாற்பதைத் தாண்டியும் கன்னம் இரண்டும் உப்பியே இருப்பதால் பேக்கரியில் எல்லோருக்கும் அவன் பன்னு. கோபம் இல்லாத நாட்களில் அக்காவும் அப்படித்தான் கூப்பிடுவாள்.

அன்றைக்கு டைப்பிங் வகுப்பின் கடைசி நாள். ஒரு பக்கம் சொந்தமாக அடித்துக் காட்ட வேண்டும். பன்னு ஒரு பக்கம் அடித்துவிட்டால் அக்கா தன் மகள் வீட்டுக்குப் போய்விடுவாள் என்பது வீட்டில் பேசி முடித்த விஷயம். மகள் வேறு ஊரில் இருக்கிறாள், பிள்ளை உண்டாகியிருக்கிறாள். பன்னுவுக்கு அவள் இன்னும் பாப்பாதான். "இன்னும் எத்தனை நாள்தான்மா மாமாவுக்கு நீயே வாசிச்சுக் காட்டுவே? எனக்கும் நீ வேணும்ல" என்று போனில் அழுதுவிட்டாள். அந்த அழுகையில்தான் அக்கா வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டாள். அவன் ஒரு பக்கம் எழுதட்டும், மறுநாளே கிளம்பி வருகிறேன் என்று சொல்லிவிட்டாள். எழுத மாட்டான் என்ற தைரியத்தில் சொன்னாளா என்று அவளிடமே கேட்டிருந்தால் சண்டைக்கு வந்திருப்பாள்.

எழுத்துகள் பன்னுவுக்கு ஒரு இடத்தில் நிற்காது. பள்ளிக்கூடத்தில் மரமண்டை என்றார்கள், பின்பெஞ்சில் தள்ளினார்கள், அங்கேயும் அவை நிற்கவில்லை. ஒரு சொல்லை அவன் கெட்டியாகப் பிடிக்கப் போகும்போது அதன் கொம்பும் காலும் இடம் மாறி உட்கார்ந்துகொள்ளும். அதனால் அக்காதான் அவனுக்குக் கண். பஸ் போர்டு, மருந்துச் சீட்டு, வங்கிப் படிவம் எல்லாம் அவள் வாய் வழியாகத்தான் அவனுக்குள் போகும். இப்போது பேக்கரிக்கு வரும் ஆர்டர் எல்லாம் போனில் எழுத்தாக வருகிறது. அவன் அதை அக்காவுக்கு அனுப்பிவைக்க, அவள் கூப்பிட்டு வாசித்துக் காட்டுவாள். அவளோ ஒரு பெரிய அலுவலகத்தில் டைப்பிஸ்டாக இருந்து ஓய்வு பெற்றவள். யார் எது பேசினாலும் அவள் விரல்கள் அதை மடியிலோ மேஜை விளிம்பிலோ தட்டிக்கொண்டே இருக்கும். புருஷன் உயிரோடு இருந்த காலத்தில், "சண்டையையும் டைப் அடிச்சு ஃபைல்ல வைக்கிறியா?" என்று கேலி செய்வார்.

தம்பிக்குச் சொல்லிக் கொடுக்க அவள் முயலாமல் இல்லை. சின்ன வயதில் தினமும் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக் கொடுத்தாள். அவளுக்குப் பொறுமை உண்டு, ஆனால் அந்தப் பொறுமை மூக்கு வழியே பெருமூச்சாக வெளியே வந்துவிடும். அவன் வாயைத் திறப்பதற்குள் அவளே அந்தச் சொல்லைச் சொல்லிவிடுவாள். அவனும் கிளிப்பிள்ளை போலத் திருப்பிச் சொல்வான். பாடம் முடிந்துவிடும்.

வகுப்பு நூலகத்தின் மாடியில் நடந்தது. எழுத்து வசப்படாத சிறுவர்களும் பெரியவர்களும் ஒரே அறையில், ஒரே மாதிரி சின்ன நாற்காலிகளில் உட்கார்ந்திருந்தார்கள். முதல் நாள் டீச்சர் பன்னுவைப் பார்த்து, "அண்ணா, நீங்க என்ன வேலை பாக்கறீங்க?" என்று கேட்டாள். "பேக்கரில இருக்கான், மாவு பிசையறான், கெட்டிக்காரன்தான், படிப்பு மட்டும்" என்று அக்கா தொடங்கினாள். டீச்சர் சிரித்தபடியே சொன்னாள்: "அவரே சொல்லட்டும்மா." பிறகு வெளியே தாழ்வாரத்தில் ஒரு நாற்காலியைக் கொண்டுபோய்ப் போட்டு, அதில் அக்காவை மரியாதையாக உட்காரவைத்தாள். அன்றிலிருந்து அது அக்காவின் நாற்காலி.

உள்ளே நடப்பது விசித்திரமாக இருக்கும். டீச்சர் ஒவ்வொருவர் கைகளின் மேலும் ஒரு துணியைப் போர்த்திவிடுவாள், கைகளுக்குத் தூக்கம் வந்ததைப் போல. திரையையும் அணைத்துவிடுவாள். "கண்ணு பாத்துக்கிட்டே இருந்தா கை பயப்படும். கண்ணுக்கு லீவு குடுங்க" என்பாள். விசைகளில் இரண்டின் மேல் மட்டும் கடுகளவு மேடு இருக்கும். இடது சுட்டுவிரலால் ஒரு மேட்டைத் தேடிப் பிடிக்க வேண்டும். மற்ற விரல்கள் தாமாக வரிசையில் உட்கார்ந்துகொள்ளும். பன்னு இடது கையை மட்டும்தான் தேடி வைப்பான். வலது கையை இடதிலிருந்து கட்டைவிரலால் அளந்து வைப்பான், மாவு உருண்டைகளைத் தட்டில் இடம் விட்டு வைக்கிற மாதிரி. விசைகளின் வரிசை அக்கா அலுவலகத்தில் அடித்த அதே வரிசைதான். டீச்சரும் டைப்ரைட்டரில் பழகியவள்.

அந்தக் கடைசி நாள் மத்தியானம் தாழ்வாரத்தில் வெயில் சாய்ந்து கிடந்தது. கீழே நூலகத்தில் மின்விசிறி சுற்றும் சத்தம் எங்கோ தண்ணீருக்கு அடியிலிருந்து வருவது போல வந்தது. கதவுக்கு அந்தப் பக்கம் தட்டல் தொடங்கியது. முதலில் ஒன்று, பிறகு ஒன்று, கொஞ்ச நேரத்தில் ஓட்டின் மேல் தூறல் விழுவது போல அறை முழுக்கச் சத்தம் நிறைந்தது. அக்காவுக்குக் கண் சொக்கியது. பாதித் தூக்கத்தில் அவள் பழைய அலுவலகத்தில் இருந்தாள். வரிசையாகப் பெண்கள் அடித்துக்கொண்டிருந்தார்கள், யாருக்கும் முகம் இல்லை, முதுகு மட்டும் இருந்தது. அதில் ஒரு முதுகு மற்றவற்றை விட அகலமாக இருந்தது. சட்டையில் மாவு. அந்த முதுகு நிறுத்தாமல் அடித்துக்கொண்டே இருந்தது.

விழித்துக்கொண்டாள். சத்தம் கனவல்ல. அறையில் மற்றவர்கள் அடித்து முடித்திருந்தார்கள், ஒரு தட்டல் மட்டும் தனியாகக் கேட்டது. அவசரம் இல்லை, தயக்கமும் இல்லை. ஒரு சொல், ஒரு இடைவெளி, அடுத்த சொல். யார் கை என்று அவளுக்குச் சொல்லத் தேவையில்லை. மாவைத் தூக்கிப் போட்டு மடித்துத் தட்டும்போதும் அவன் இதே தாளத்தில்தான் தட்டுவான். அக்காவுக்குப் பெருமையாக இருந்தது. கூடவே, இனிமேல் என்னை எதுக்குத் தேடுவான் என்று தோன்றியது. அப்படித் தோன்றியதற்காகத் தன்னையே திட்டிக்கொண்டாள். அப்படியும் அது போகவில்லை.

வகுப்பு முடிந்து பன்னு வெளியே வந்தபோது முகத்தில் ஈயாடவில்லை. அச்செடுத்த தாளை டீச்சரிடம்கூடக் காட்டாமல் நாலாக மடித்துச் சட்டைப் பைக்குள் திணித்திருந்தான். "அண்ணா, குடுத்துட்டுப் போங்க, பாக்கறேன்" என்ற டீச்சரின் குரல் படிக்கட்டு வரைக்கும் வந்தது. அவன் திரும்பவில்லை. வீடு வரைக்கும் முன்னால் வேகமாக நடந்தான். வந்ததும் தாளை எடுத்து மேஜை மேல் போட்டான்.

"நீயே பாரு."

உள்ளே போய்ச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான்.

அக்கா தாளைப் பிரித்தாள். பக்கம் முழுக்க எழுத்துதான். ஆனால் எந்த எழுத்தும் எந்த எழுத்தோடும் ஒட்டவில்லை. ஒரு சொல்கூட வாயில் நுழையவில்லை. முதல் வரி தொடங்கிக் கடைசி வரி வரைக்கும் ஒரே குப்பை. பார்த்ததும் அவளுக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது.

ஆமாம், அப்படித்தான் இருந்தது. பாவம் என்று ஒருபக்கம் மனசு சொல்லிக்கொண்டே இருக்க, மறுபக்கம் மகளிடம் என்ன சொல்வது என்று வாக்கியங்கள் தாமாக அமைந்துகொண்டிருந்தன. அவனால முடியலடி. நான் என்ன பண்றது. பிரசவத்துக்கு வந்து கொஞ்ச நாள் இருந்துட்டு ஓடி வந்துடறேன். சொல்லும்போது குரல் எப்படித் தழுதழுக்க வேண்டும் என்பது வரைக்கும் யோசித்துவிட்டாள்.

காது மட்டும் ஒத்துழைக்கவில்லை. தாழ்வாரத்தில் கேட்ட சத்தம் அதற்குள்ளேயே இருந்தது. தெரியாமல் அடிக்கிறவன் தட்டித் தடவி நின்று நின்றுதானே அடிப்பான்? இந்தக் குப்பையை அவன் எப்படி அத்தனை நிதானமாக அடித்தான்?

எதிரே தாள் இருந்ததால் பழக்க தோஷத்தில் அவள் விரல்கள் மேஜை மேல் போய் உட்கார்ந்தன. அர்த்தம் பார்க்காமல் பார்த்ததை அப்படியே அடிப்பதுதான் அவள் செய்த வேலை. இந்தக் குப்பையையும் மேஜைப் பலகையில் அடித்துப் பார்த்தாள். முதல் வரி அடித்ததும் விரல்களுக்கு எதுவோ பிடிபட்டது. ஒரு கட்டிலில் படுத்துப் பழகியவர் தலைமாடு மாறிப் படுத்த மாதிரி, எல்லாமே கொஞ்சம் விலகி இருந்தது. அப்போதுதான் அலுவலகத்துப் பெண்களின் சிரிப்பு அவள் காதில் விழுந்தது. புதிதாகச் சேர்ந்த பெண் அரட்டையடித்துக்கொண்டே கையை ஒரு விசை தள்ளி வைத்துவிட்டால், வரி முழுக்க இப்படித்தான் வரும். "பக்கத்து வீட்டுக்குப் போயிட்டாடி" என்று எல்லோரும் சிரிப்பார்கள்.

அவள் தன் கைகளை ஒரு விரல் அளவு இடப்பக்கம் நகர்த்தினாள். தாளில் இருந்த ஒவ்வொரு எழுத்துக்கும் அதன் பக்கத்து வீட்டு எழுத்தைத் தட்டினாள். சொற்கள் ஒவ்வொன்றாக அவள் விரலுக்கு அடியிலிருந்து எழுந்து வந்தன. இங்கும் அங்கும் பிழை இருந்தது, ஆனால் பேசுவது அவன்தான்.

*டீச்சர் மனசுல இருக்கறத எழுதச் சொன்னாங்க. மாவு பிசையும்போது நான் மாவப் பாக்க மாட்டேன். கை பாத்துக்கும். இதுவும் அப்படித்தான் இருக்கு. இங்க அக்கா வெளிய உக்காந்திருக்கா. பக்கத்துல இருந்தா எனக்கு எழுத்து வராது. அவ மூச்சு விடற சத்தத்துலயே நான் தப்பு பண்ணிட்டேன்னு தெரிஞ்சிடும். பண்றதுக்கு முன்னாடியே தெரிஞ்சிடும். அக்கா மேல கோவம் இல்ல. அவ இல்லேன்னா நான் இல்ல. ஆனா அவ போகணும். பாப்பா கூட இருக்கணும். நான் தப்புத் தப்பா எழுதி அனுப்புவேன். அவ தப்புத் தப்பாவே படிச்சுக்கட்டும்.*

விரல்கள் நின்ற பிறகும் அவள் கைகளை எடுக்கவில்லை. கன்னத்தில் வழிந்ததைத் துடைக்கவும் இல்லை. வெயில் மேஜையை விட்டு இறங்கித் தரையில் நீண்டு கிடந்தது. தெருவில் யாரோ சைக்கிள் மணியை அடித்துக்கொண்டு போனார்கள். இந்தத் தாளில் இருப்பது இந்த வீட்டில் இப்போது அவள் ஒருத்திக்குத்தான் தெரியும். எழுதியவனுக்கே தெரியாது, தான் எழுதியது எழுதப்பட்டுவிட்டது என்று.

உள்ளே கட்டில் கிறீச்சிட்டது. பன்னு கலைந்த தலையோடு வந்து வாசல் நிலையில் சாய்ந்து நின்றான். கன்னத்தில் பாயின் கோடுகள்.

"தலையும் புரியல வாலும் புரியல, இல்லக்கா? அச்செடுத்ததும் நானும் பாத்தேன், ஒரு சொல்லும் பிடிபடல. எனக்கு வராதுன்னுதான் தெரியுமே. தூக்கிப் போடு. பாப்பாகிட்ட நீயே சொல்லிடு."

ஒரு தலையாட்டல் போதும். அதுகூட வேண்டாம், சும்மா ஒரு பெருமூச்சு விட்டாலே போதும். இத்தனை வருஷமும் அவள் மூச்சை அவன் தப்பில்லாமல் படித்து வந்திருக்கிறான்.

"இங்க வந்து உக்காரு" என்றாள். "கையக் குடு."

அவன் உட்கார்ந்தான். அவள் முடிச்சை அவிழ்த்துத் துணியைப் பிரிக்கத் தொடங்கினாள். சுற்றுச் சுற்றாக அது வந்துகொண்டே இருந்தது. இத்தனையையா சுற்றினோம் என்று அவளுக்கே வெட்கமாகப் போயிற்று. கடைசியில் சிவந்த விரல் நுனி காற்றுக்கு வந்தது. அவன் ஸ்ஸ் என்றான்.

"வகுப்புல எப்படி வெச்சே, அப்படி வை."

அவன் ஒன்றும் விளங்காமல் இரண்டு கைகளையும் மேஜை மேல் வைத்தான். அவற்றைப் பிடித்துக் கொஞ்சம் இடப்பக்கம் நகர்த்தினாள், தூங்குகிற குழந்தையைப் பாயில் நகர்த்திப் போடுகிற மாதிரி.

"இவ்வளவுதான்டா. இந்தக் கட்டுல மேடு உனக்குத் தட்டுப்படல. ஒரு விரல் தள்ளி வெச்சுட்டே. மத்ததெல்லாம் சரியா இருக்கு."

"எல்லாமுமா?" பன்னுவின் முகம் மெல்லச் சிவந்தது. "நீ... படிச்சிட்டியா?"

"இப்ப அதையே இங்க அடி. முதல்ல இருந்து."

சொல்லிவிட்டு எழுந்தாள். எப்போதும் உட்காரும் பக்கத்து நாற்காலியைத் தாண்டி ஜன்னல் வரைக்கும் போனாள். அவனுக்கு முதுகைக் காட்டி, கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வெளியே மரத்தில் இலை அசையவில்லை. அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டாள். நெஞ்சு முட்டியது, விடவில்லை. பிறகு, அவளுக்குப் பின்னால், மரப்பலகையின் மேல், ஒரு விரல் தட்டியது.