வெளிச்சம் பிடித்தவர்

இறந்துபோன அப்பாவுக்குப் போட்டுவிட வெள்ளைச் சட்டை தேடிக்கொண்டிருந்தாள் மகள். அலமாரித் தட்டில் விரித்திருந்த செய்தித்தாளை இழுத்ததும் அடியிலிருந்து மூன்று கடிதங்கள் விழுந்தன. மூன்றும் அப்பாவின் லிப்ட் கம்பெனி வெவ்வேறு வருடங்களில் அனுப்பியவை. உங்கள் உதவியாளரை மெக்கானிக் பயிற்சிக்கு எடுக்கிறோம், சம்மதித்துக் கையெழுத்திட்டு அனுப்பவும். மூன்றிலும் கையெழுத்துக்கான இடம் காலி.

அந்த உதவியாளர் கூடத்தில் நாற்காலி போட்டுக்கொண்டிருந்தார். நாற்பது வயது, எல்லோருக்கும் அவர் 'டார்ச்'. போர்மனான அப்பா லிப்டின் மின்பலகையைத் திறந்து ரிப்பேர் பார்க்க, பக்கத்தில் நின்று வெளிச்சம் பிடிப்பார். பதினேழு வருடமாக அது மட்டும்தான். கேட்டால் அப்பா சிரிப்பார்: "அவன் எனக்குப் பிள்ளை மாதிரி. வேலையைக் கத்துக் குடுத்தா றெக்கை முளைச்சிடும்."

அப்பா கெட்டவரில்லை. டார்ச்சின் மனைவிக்குப் பிரசவத்தில் ரத்தம் கொடுத்தவர்.

டார்ச் டம்ளருடன் வந்தார். "குடிம்மா. காலையிலேருந்து பச்சைத்தண்ணி பல்லுல படலை."

"உங்க வேலை என்னாச்சுண்ணா?" கம்பெனியைப் போன மாதம்தான் மூடியிருந்தார்கள்.

"நாளன்னிக்கு ஒரு எடத்துல கூப்பிட்டிருக்காங்க, மெக்கானிக்கா. சார்கிட்ட இத்தனை வருஷம் இருந்தேன்னு சொன்னாப் போதும், கண்ணை மூடிக்கிட்டு எடுத்துக்குவாங்க."

சொல்ல வாயெடுத்தவள், கடிதங்களைக் கைக்குள் மடக்கிக்கொண்டாள்.

அப்பாவைக் கிடத்திய பெட்டியைத் தூக்கி வாசலுக்கு வந்தால், லிப்ட் மேலே வரவில்லை. அவர்கள் வீடு கடைசி மாடி. லிப்டின் மின்பலகை எதிர்ச்சுவரிலேயே இருந்தது.

"அண்ணனோட வலதுகை நீ இருக்கும்போது என்னப்பா? அரை நிமிஷ வேலை" என்றார் சித்தப்பா.

டார்ச் அப்பாவின் கருவிப் பையிலிருந்து சாவியை எடுத்துப் பலகையைத் திறந்தார். சட்டைப்பையிலிருந்த விளக்கைப் போட்டு, எப்போதும் நிற்பதுபோல் இடப்பக்கம் ஒதுங்கி நின்றார். வெளிச்சம் துளிகூட ஆடவில்லை. வலப்பக்கம் ஓர் ஆள் நிற்கும் இடம் காலியாக இருந்தது.

"ஆரம்பிப்பா" என்றார் சித்தப்பா.

டார்ச்சின் இன்னொரு கை அசையவே இல்லை. முகம் மெல்ல வெளுத்தது.

"படியிலேயே இறக்கிடலாம் சித்தப்பா" என்றாள் மகள்.

படிக்கட்டு இருட்டு. டார்ச் எல்லோருக்கும் முன்னால் போய், பெட்டியைப் பார்த்தபடி பின்பக்கமாக இறங்கினார்.

"அண்ணா, நாளன்னிக்கு..." என்று ஆரம்பித்தாள்.

"பாத்து... படி பாத்து" என்று ஒவ்வொரு படிக்கும் வெளிச்சம் காட்டிக்கொண்டு போனார் அவர்.