மேல் மூன்று மீட்டர்

டிஷ்ஷைக் கீழே இறக்கச் சொன்னபோதே சரண்யாதேவிக்குச் சுடலைக்கண்ணன் மேல் சந்தேகம் வந்துவிட்டது. பதினோரு வருடமாக அவள் இந்த வேலையில் இருக்கிறாள். டவரில் ஏறுகிறவர்கள் இன்னும் மேலே ஏற்றுவோம் என்று சொல்லித்தான் கேட்டிருக்கிறாள். உயரம் கூடினால் சிக்னல் கூடும் என்பதில் அவர்களுக்கு மறுபேச்சே கிடையாது. நாற்பது மீட்டரில் இருப்பதை இருபத்தாறுக்கு இறக்கு என்று ஒருவன் சொன்னால், அதில் அவனுக்கு ஏதோ இருக்கிறது.

அவளுடைய கம்பெனி சின்னது. தூத்துக்குடியில் ஒரு மொட்டைமாடிக் கம்பத்திலிருந்து ஆறுமுகநேரி டவர் வரை அதற்கு ஒரு மைக்ரோவேவ் லிங்க் உண்டு. எதிரெதிராகப் பார்க்கும் இரண்டு டிஷ், அரசாங்கத்துக்குக் கட்டணம் கட்டி வாங்கிய அலைவரிசை. ஆறுமுகநேரிப் பக்கத்து ரசாயன ஆலை ஒன்றுக்கு இன்டர்நெட் போவது அதன் வழியாகத்தான். கம்பெனி வயிறு நிறைவதும் அந்த ஆலையால்தான். ஆலைக்காரர்கள் இப்போது இரண்டு மடங்கு வேகம் கேட்டார்கள். தினமும் சாயங்காலம் லிங்க் தொய்ந்துபோவதும் நிற்க வேண்டும் என்றார்கள். மாதக் கடைசிக்குள் நடக்காவிட்டால் பெரிய கம்பெனிக்குப் போய்விடுவோம் என்று கடிதமே எழுதிவிட்டார்கள்.

முதலாளி ராஜதுரை மளிகை மொத்த வியாபாரத்திலிருந்து இந்தத் தொழிலுக்கு வந்தவர். கடிதத்தை அவள் மேஜையில் வைத்துவிட்டு, கோபமே இல்லாமல் சொன்னார்.

"ஆலை போச்சுன்னா உனக்குச் சம்பளம் குடுக்க எனக்கு வழியில்லம்மா. பாத்துக்க."

வழிகள் அதிகமில்லை. அகலமான அலைவரிசை கேட்டு டெல்லிக்கு எழுதினால் மாதங்கள் போகும், கட்டணமும் ஏறும். புது ரேடியோக்களுக்கு வந்த விலைப்பட்டியலை ராஜதுரை இரண்டாம் பக்கம் திருப்பவில்லை. மலிவான வழி ஒன்றுதான் இருந்தது. இப்போதுள்ள ரேடியோவுக்குள்ளேயே பாதி வேகத்தை, அதைத் தயாரித்த கம்பெனிக்காரன் பூட்டி வைத்திருக்கிறான். பணம் கட்டினால் திறக்கும் கீ அனுப்புவான். ஆனால் சிக்னல் சுத்தமாக இருந்தால்தான் ரேடியோ தகவலை நெருக்கி அடுக்கி அனுப்பும். கொஞ்சம் கலங்கினாலும் கலைத்துப் போட்டு மெதுவாக அனுப்பும். சாயங்காலக் கலக்கம் தீராமல் கீ வாங்குவது வீண்.

அந்தக் கலக்கத்துக்குத்தான் சுடலைக்கண்ணன் இந்த வைத்தியம் சொன்னான். அவன் கம்பெனி ஆள் இல்லை. கூப்பிடுகிறவர்களுக்கெல்லாம் டவர் ஏறுவான். பெரிய கம்பெனிக்கும் ஏறுவான். அந்தக் கம்பெனிக்கு இடம் பிடித்துக் கொடுக்கும் பாண்டித்துரையோடு, போன வாரம்தான் பழைய பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் அவனைப் பார்த்தாள். இரண்டு பேரும் பேச்சை நிறுத்திவிட்டு அவளுக்கு வணக்கம் சொன்னார்கள். வணக்கம் சொல்வதற்குப் பேச்சை ஏன் நிறுத்த வேண்டும்?

ஆறுமுகநேரி டவரின் உச்சி மூன்று மீட்டர் இவர்கள் வாடகையில் இருந்தது. அந்த உயரத்திலிருந்து மணப்பாட்டு மேட்டுக்கு ஒரே தாவலில் லிங்க் போடலாம். பெரிய கம்பெனி அந்த இடத்தை இரண்டு முறை கேட்டு, இல்லை என்று டவர்காரர் சொல்லியிருந்தார். ராஜதுரைக்கு இது போதும்.

"அவன் எறக்கச் சொல்லுதது டிஷ்ஷ இல்லம்மா. நம்மள."

அவளுக்கும் அப்படித்தான் தோன்றியது. ஆனால் மாதக் கடைசிக்குப் பதினாறு நாள்தான் இருந்தது. சுடலைக்கண்ணனிடம் காரணம் கேட்டாள். வாயால் சொன்னால் நம்ப மாட்டீர்கள், சாயங்காலம் மேலே வந்து பாருங்கள் என்றான். எதைக் காட்டப் போகிறான் என்று முன்கூட்டியே சொல்லாததும் அவளுக்குப் பிடிக்கவில்லை. பைனாகுலரை அவனிடம் வாங்காமல் தெரிந்த ஒரு மீன்பிடிப் படகுக்காரரிடம் வாங்கிக்கொண்டாள். பெல்ட்டின் கொக்கிகளை மூன்று முறை இழுத்துப் பார்த்துவிட்டு அவனுக்குப் பின்னால் ஏறினாள்.

நாற்பது மீட்டரில் நின்றபோது பொழுது விழுந்துகொண்டிருந்தது. பகல் முழுக்க அடித்த கடல்காற்று நின்றுவிட்டது. வடக்கே பழையகாயல் பக்கத்து உப்பளப் பாத்திகள் கட்டி நின்ற நீரோடு அசையாமல் கிடந்தன. தூத்துக்குடிக் கம்பத்தின் சிவப்பு விளக்கை பைனாகுலரில் தேடிப் பிடித்தாள். அதற்குக் கீழே இன்னொரு சிவப்பு விளக்கு இருந்தது.

"எத்தன தெரியுது?" என்றான் சுடலைக்கண்ணன்.

"ரெண்டு."

"அங்கன இருக்கது ஒண்ணுதான் மேடம்."

பதினான்கு மீட்டர் இறங்கி மறுபடி பார்த்தாள். ஒரு விளக்குதான் தெரிந்தது. இரும்பில் முழங்கையை ஊன்றி இன்னொரு தடவை பார்த்தாள். ஒன்றுதான்.

விஷயம் அவளுக்குப் புரிந்தது. காற்று நின்றதும் பாத்தி நீர் கண்ணாடியாகிவிடுகிறது. நேரே வரும் சிக்னலோடு, நீரில் பட்டு எகிறிய சிக்னலும் வந்து மோதுகிறது. ஒரு முனையைத் தாழ்த்தினால் எகிறும் இடம் உப்பளத்தைவிட்டு நகர்ந்து ஆத்தூர் வாழைத்தோட்டங்களுக்கு வந்துவிடும். வாழை இலையில் எதுவும் சுத்தமாக எகிறாது. இது படித்த பாடம்தான். காகிதத்தில் போட்டுப் பார்த்திருக்க வேண்டியவள் அவள். போடவில்லை. நாலு வருடத்துக்கு முன் அந்த டிஷ்ஷை உச்சியில் வைக்கச் சொல்லிக் கையெழுத்துப் போட்டதும் அவள்தான்.

இருந்தும் சந்தேகம் போகவில்லை. உண்மையைச் சொல்வதற்கும் ஒருவன் காசு வாங்கியிருக்கலாம். மறுநாள் டீக்கடையில் அவனைச் சோதித்தாள்.

"டிஷ்ஷ எறக்குதோம் அண்ணே. ஆனா மேல் எடத்த விடப் போறதில்ல. வாடகையக் கட்டிச் சும்மா வச்சிருப்போம்."

அவன் டீயை ஊதிக் குடித்தான். முகத்தில் ஒன்றும் மாறவில்லை.

"வச்சுக்கிடுங்க மேடம். டிஷ் கீழ வந்தாச் சரி."

அவளுக்கு அந்தப் பதிலும் உறுத்தியது. ஒன்றும் வாங்காதவன் என்றால், இதை ஏன் என்னிடம் சொல்கிறீர்கள் என்று கேட்டிருப்பான்.

ராஜதுரையிடம் போய், இரண்டு இடத்துக்கும் வாடகை கட்டச் சம்மதம் என்றால்தான் இறக்குவேன் என்று பிடிவாதமாக நின்றாள். அவர் வாடகைத் தொகையை இரண்டு தடவை கேட்டார். ஆலைக் கடிதத்தை எடுத்துப் படித்தார். கடைசியில் சரி என்றார்.

ஞாயிற்றுக்கிழமை ஆலை ஷட்டவுன். அன்று இறக்கினார்கள். சுடலைக்கண்ணன் மேலே டிஷ்ஷை நூல் நூலாகத் திருப்ப, அவள் கீழே மீட்டரில் எண்ணைச் சொல்லிக்கொண்டிருந்தாள். அவன் போட்ட ஒவ்வொரு போல்ட்டையும் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லிப் பார்த்தாள். குறை ஒன்றும் இல்லை. சாயங்காலம் டவர் அடியில் இருந்த கண்டெய்னர் அறைக்குள் லேப்டாப்பைத் திறந்துவைத்து உட்கார்ந்தாள். ஐந்தரை, ஆறு, ஆறரை. வெளியே காற்று நின்றுவிட்டது. திரையில் சிக்னல் கோடு ஒரு தடவைகூடச் சரியவில்லை. மறுநாள் கீ வந்தது. புதன்கிழமை ஆலைக்காரர்கள் கேட்ட வேகம் ஓடியது. மாதக் கடைசிக்கு ஐந்து நாள் முன்னாலேயே ஒரு வருட ஒப்பந்தத்தைப் புதுப்பித்துவிட்டார்கள். அவள் வேலை நிலைத்தது.

மூன்று மாதம் கழித்து, பேட்டரி பார்க்க ஆறுமுகநேரிக்குப் போனாள். கேட்டில் இறங்கியதுமே தெரிந்துவிட்டது. டவர் உச்சியில் புதிதாக ஒரு பெரிய டிஷ், தெற்கே மணப்பாட்டைப் பார்த்து. அதற்குப் போல்ட் முடுக்கிக்கொண்டிருந்தவன் சுடலைக்கண்ணன்.

உச்சி இடத்தை யார் விட்டது என்று காவலாளியைக் கேட்டாள். அவர் ஃபைலைத் திறந்து காட்டினார். உச்சி இடம் இனித் தேவையில்லை, வாடகையை நிறுத்திக்கொள்ளவும் என்று அவள் கம்பெனித் தாளில் ஒரு கடிதம். கீழே ராஜதுரையின் கையெழுத்து. தேதி போன மாதம் பன்னிரண்டு. அவளிடம் அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

சுடலைக்கண்ணன் இறங்கி வரும்வரை வெயிலிலேயே நின்றாள்.

"டிஷ்ஷ எறக்கணும்னு பாண்டித்துரை அப்பமே உங்கள்ட்ட சொல்லியிருந்தாரா?"

"சொன்னாரு."

"காசு?"

"குடுத்தாரு." பெல்ட்டைக் கழற்றித் தோளில் போட்டுக்கொண்டான். "பொய் சொன்னனா மேடம்? ரெண்டு லைட்ட நீங்கதான பாத்தீங்க. உங்க லிங்க்கு நல்லாத்தான ஓடுது."

"மேல் எடத்த விட மாட்டோம்னு சொன்னம்லா. அப்பகூட ஒண்ணும் பேசல நீங்க."

"என்னத்தப் பேச. நீங்க விட மாட்டீங்க. ராஜதுரை அண்ணாச்சிய எனக்கு இருவது வருசமாத் தெரியும். சும்மாக் கெடக்க எடத்துக்கு அவரு எத்தன மாசம் வாடக கட்டுவாரு? ஆறு மாசம்னு நெனச்சேன். ரெண்டுலயே விட்டுட்டாரு."

பெருமையாகவும் சொல்லவில்லை, வெட்கப்பட்டும் சொல்லவில்லை. மழை வரும் என்று முன்னமே சொன்னவனைப் போல நின்றான். அவளுக்கு அவனை அடிக்கத் தோன்றியது. ஆனால் எதற்கென்று அடிப்பது?

போன் அடித்தது. ராஜதுரைக்கும் யாரோ சொல்லிவிட்டார்கள்.

"ஏம்மா, நம்ம எடத்துல எவனோ டிஷ் மாட்டுதானாமே. யாரு விட்டது?"

"நீங்கதான் அண்ணாச்சி. போன மாசம் பன்னெண்டாந் தேதி லெட்டர் குடுத்திருக்கீங்க. இங்கன கேட்டுல இருக்கு."

மறுமுனையில் அந்தத் தேதியை அவர் ஒரு தடவை திருப்பிச் சொன்னார். பிறகு ஆலை லிங்க் ஓடுகிறதா என்று கேட்டார். ஓடுகிறது என்றாள். சும்மாக் கிடந்த இடம்தானே என்று தனக்குத்தானே சொல்வதுபோல் முனகினார். அப்புறம் குரல் ஏறியது. அந்தச் சுடலைப் பயலை இனிமேல் நம் டவர் எதிலும் ஏற்றக் கூடாது என்றார். அவள் சரி என்று வைத்தாள்.

"என்ன சொல்லுதாரு?" என்றான் சுடலைக்கண்ணன்.

"உங்கள இனிமே கூப்புடக் கூடாதாம்."

அவன் தலையை ஆட்டினான். காயல்பட்டினம் லிங்க்கையும் இதே மாதிரி மாற்ற வேண்டும் என்று அவள் சொல்லியிருந்தது அவனுக்கு நினைவிருந்தது. வரும் புதன்கிழமை அதற்கு யார் ஏறப் போகிறார்கள் என்று கேட்டான்.

அவள் யோசித்துப் பார்த்தாள். அவளுக்குத் தெரிந்து இன்னும் இரண்டு பேர் ஏறுவார்கள். ஒருவன் பஹ்ரைனுக்குப் போய்விட்டான். மற்றவன் எதைக் கேட்டாலும் மேலே ஏற்றுவோம் என்பான்.

"காலைல எட்டு மணி," என்றாள். "பாண்டித்துரைக்கு ஒண்ணும் போகக் கூடாது, போனை என்கிட்ட குடுத்துட்டுத்தான் ஏறணும்."