நூற்று எண்பத்தைந்து சென்டிமீட்டர்

சர்வேயருக்குக் கோபம் வந்தால் சிரிப்பு வந்துவிடும். முன்பு அப்படி இல்லை. முன்பு அவருக்குக் கோபம் வந்தால் தெருமுனைவரை கேட்கும். நான்கு மாதத்துக்கு முன் மூளையில் ரத்தக்குழாய் அடைத்து, வலது கையும் காலும் விழுந்து, பேச்சும் எழுத்தும் ஒன்றாகப் போனபிறகுதான் இந்தக் கூத்து. உள்ளே பற்றிக்கொண்டு எரியும். வெளியே வாய் கெக்கெக்கே என்று சிரிக்கும். அதை அவராலேயே நிறுத்த முடியாது. வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர், "அழுகை, சிரிப்பெல்லாம் இடம் மாறி வரலாம்மா" என்று போகிறபோக்கில் ஒரு வார்த்தை சொன்னார்தான். எந்த மாத்திரை காலையில், எது ராத்திரியில் என்று குழம்பிக்கொண்டிருந்த மனைவியின் மனதில் அது தங்கவில்லை.

ஆக, சிரித்தால் சந்தோஷம் என்று வீட்டில் முடிவு கட்டிவிட்டார்கள். எப்போது அதிகம் சிரிக்கிறார்? முன்னறையில் அவர் பாதியில் விட்டுவைத்த பொம்மை ரயில் பாதையை மனைவியின் தம்பி தொட்டுப் பார்க்கும்போது. தன் சாமானில் அடுத்தவர் கை வைத்தால் சர்வேயருக்கு என்றைக்குமே ஆகாது. அது யாருக்கும் நினைவு வரவில்லை.

"மாமாவுக்கு ரயில்னா உசுருக்கா. மிச்சத்த நானே முடிச்சுக் குடுத்துடறேன்" என்று தம்பிக்காரர் சட்டைக்கையை மடித்துவிட்டுக்கொண்டார். ஜன்னல் திரை தைத்து மாட்டும் கடை வைத்திருப்பவர். தங்கமான மனுஷன். தங்கமான மனுஷர்களிடமிருந்து தப்பிப்பதுதான் உலகத்திலேயே கஷ்டமான காரியம்.

சுவரோரப் பலகையில் ஒற்றைத் தண்டவாளம் அறையை ஒரு சுற்றுச் சுற்றி வந்தது. பாக்கியிருந்தது லூப் லைன் ஒன்றுதான். ஒரு ரயில் ஒதுங்கி நிற்க, எதிரே வரும் ரயில் பக்கத்துப் பாதையில் கடந்துபோகிற இடம். அதற்கான கணக்கைச் சர்வேயர் படுக்கையில் விழுவதற்கு முந்தின வாரம் போட்டு முடித்திருந்தார். எஞ்சினும் ஆறு பெட்டியும் சேர்ந்து நூற்று எழுபத்தெட்டு சென்டிமீட்டர். மூச்சுவிட ஏழு. காகிதத்தில் ஒரே வரி: லூப் 185. எங்கிருந்து எதுவரை என்று எழுதவில்லை. தனக்கு மனப்பாடமாகத் தெரிந்ததை எவர் எழுதிவைப்பார்?

சூட்சுமமோ அங்கேதான் இருந்தது. பாதை இரண்டாகப் பிரிகிற துண்டுக்குப் பாயிண்ட் என்று பெயர். பாயிண்ட் முடிந்ததும் இரண்டு பாதையும் சட்டென்று விலகிவிடாது. இன்னும் பதினான்கு சென்டிமீட்டருக்கு ஒன்றையொன்று இடித்துக்கொண்டேதான் போகும். அந்தப் பதினான்கைத் தாண்டித்தான் ரயில் நிற்கலாம். அந்தக் கோடியிலும் அதே பதினான்கு. இரண்டையும் தள்ளிவிட்டு நடுவில் கிடைக்க வேண்டியதுதான் நூற்று எண்பத்தைந்து.

தம்பிக்காரர் டேப்பை ஒரு பாயிண்ட் முடிகிற இடத்தில் வைத்தார். அங்கிருந்து நூற்று எண்பத்தைந்தில் அடுத்த பாயிண்டை வைத்துக் கோடு கிழித்தார்.

"ஒரு நூல் பிசகாது மாமா. இருபது வருஷமா ஜன்னல் அளக்கறவன் கை!"

சக்கர நாற்காலியில் சர்வேயருக்கு உச்சந்தலைவரை ஏறியது. இடம் பற்றாதடா, வால் வெளியே நிற்கும்! வாய் திறந்தது. கெக்கெக்கே.

"பார்த்தியாக்கா, எப்படிச் சிரிக்கறார்!"

இடது கை இருந்தது. நாற்காலி பலகைக்குப் பக்கத்தில்தான் நின்றது. அவர் எக்கி, ரயில் எதுவரை நிற்கலாமோ சரியாக அந்த இடத்தில் விரலை ஊன்றினார். ஊன்றி அழுத்தினார். இங்கிருந்துதான் அளக்கணும், இங்கிருந்து. மனைவி குனிந்து பார்த்தாள்.

"அந்த இடத்துல ஏதோ வேணும்கறாருடா."

தம்பிக்காரர் கொஞ்சம் யோசித்தார். பொம்மைச் சாமான் பெட்டியைத் துழாவி ஒரு பிளாஸ்டிக் மரத்தை எடுத்து, அடியில் பசை தடவி, விரல் இருந்த இடத்துக்குப் பக்கத்தில் நட்டார். "இதானே மாமா?"

சர்வேயர் சிரித்த சிரிப்பில் நாற்காலியே ஆடியது. அவர்களும் சேர்ந்து சிரித்தார்கள்.

பொம்மை ரயில் எக்கேடோ கெட்டுப்போகட்டும். அவருக்கு வேண்டியது வேறு. இந்த ஒரு தப்பை, ஒரே ஒரு தப்பை அவர் கண்டுபிடித்தார் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டால் போதும். இந்த மண்டைக்குள் இன்னும் ஆள் இருக்கிறான், கணக்குப் போடுகிறான், வேண்டாம் என்கிறான் என்று தெரிந்துவிடும். பிறகு கஞ்சி சுடுகிறது என்பதும், தலையணை குத்துகிறது என்பதும் தானாகப் புரியும். இத்தனை நாள் அதற்கெல்லாமும் சிரித்துத்தான் வைத்திருந்தார்.

சாயங்காலத்துக்குள் தண்டவாளம் ஒட்டி ஆணியும் அடித்தாகிவிட்டது. ஒவ்வொரு ஆணிக்கும் அவர் சிரித்தார்.

மறுநாள் மத்தியானம் வெள்ளோட்டம். ஆறு பெட்டி ரயில் லூப்பில் வந்து நின்றது. முன்பக்கம் கச்சிதம். பின்னால் கடைசிப் பெட்டி கிட்டத்தட்ட முழுசாக வெளியே, வளைவிலேயே நின்றது. எதிர்ரயில் சுற்றிக்கொண்டு வந்தது. சர்வேயருக்கு முதல்முறையாக நெஞ்சு லேசானது. மோதட்டும். மோதினால் ஏன் என்று கேட்பார்கள். கேட்டால் டேப்பை எடுப்பார்கள். எடுத்தால் தெரிந்துவிடும்.

எஞ்சின் ஐந்து பெட்டியைக் கடந்து ஆறாவதின் மூலையில் பொட்டென்று மோதியது. பெட்டி குட்டிக்கரணம் போட்டுத் தரையில் விழுந்தது.

தம்பிக்காரர் நெற்றியைச் சுருக்கிக்கொண்டு வளைவைப் பார்த்தார். கை டேப்புக்குப் போனது. ஆமாம், எடு, எடுடா! நான்கு மாதத்தில் இப்படி ஒரு ஆவல் அவருக்கு எழுந்ததே இல்லை. அந்த ஆவலும் தொண்டைக்கு வந்ததும் சிரிப்பாகவே மாறியது. கெக்கெக்கெக்கே. நிற்கவே இல்லை.

தம்பிக்காரர் டேப்பை விட்டுவிட்டுத் திரும்பினார். அவர் முகம் மலர்ந்தது.

"அட, மாமாவுக்கு மோதறதுதான் பிடிச்சிருக்குக்கா!"

பெட்டியைப் பொறுக்கித் தண்டவாளத்தில் பழையபடி வைத்து, எதிர்ரயிலைப் பின்னுக்கு இழுத்துவிட்டு, மறுபடி ஸ்விட்சைப் போட்டார். பொட்டென்று விழுந்தது. மறுபடி வைத்தார். மறுபடி விழுந்தது.

சர்வேயரின் கண்ணிலிருந்து தண்ணீர் இறங்கிக் கன்னம், கழுத்து எல்லாம் நனைந்தது. மனைவி பக்கத்தில் மண்டியிட்டு முந்தானையால் பதமாகத் துடைத்தாள். இத்தனை மாதத்தில் அவள் முகம் இவ்வளவு தெளிந்து அவர் பார்த்ததில்லை.

"சிரிச்சுச் சிரிச்சுக் கண்ணுல தண்ணியே வந்துடுச்சு பாரேன்" என்றாள். "டேய், நிறுத்தாதடா. இன்னொரு தடவ விடு."