கமால் பாய் வேர் விட்ட வீடு

தண்டையார்பேட்டையில் பழைய இரும்புத் தரகர் கமாலின் இரண்டு பாதங்களிலும் வேர் விட்டது ஒரு செவ்வாய்க்கிழமை, அசர் தொழுகைக்கும் மக்ரிப் தொழுகைக்கும் நடுவில். அன்று காசிமேட்டில் சங்கரா மீன் மலிவு.

அவர் மனைவி சாபிராவுக்குப் பதினாறு வருடத்தில் பதினேழு வாடகை வீடு. பதினோரு மாத அக்ரிமெண்ட் முடிந்தால் போதும், இதைவிடத் தோதான வீடு ஒன்று கமாலுக்கு எங்காவது அகப்பட்டுவிடும். இந்த வீட்டின் மொட்டைமாடி அவளுக்குப் பிடித்திருந்தது. அங்கேதான் செடிக்குச்சிகளை வேர் விட வைத்து விற்றாள். மண் கிடையாது, வீடு மாறும்போது யார் சுமப்பது? மணலியில் பழைய இரும்புக்காகப் பிரித்த ஒரு குளிர்வாயுத் தொட்டியின் இரட்டைச் சுவருக்குள் அடைத்திருந்த பெர்லைட் துகள், பொரி மாதிரி வெளுப்பாய், எடையே இல்லாமல், கமாலுக்குப் பேரத்தில் கொசுறாக வந்தது. அதை அலசி டப்பில் கொட்டி, கற்றாழைச் சோற்றிலும் இளநீரிலும் முக்கி எடுத்த செம்பருத்திக் குச்சியை நட்டால் மூன்று வாரத்தில் வேர்.

அன்று குச்சிகளை முக்கியது போக அந்தக் கலவை அரைச் சட்டி மிஞ்சியது. எதையும் கொட்டப் பொறுக்காத கமால், பித்தவெடிப்புக்கு ஆகுமென்று அதை ஒரு டப்பில் ஊற்றி, பெர்லைட்டில் கால் புதைத்து நின்று, அடுத்துக் குடிபோகப் பார்த்திருந்த எர்ணாவூர் வீட்டின் சொந்தக்காரரோடு போனில் பேரம் பேசினார். இரண்டு மணி நேரம் இழுத்தது. பேரம் படிந்தது, கால் வரவில்லை.

“சாபிரா, அடியில இன்னாமோ புட்ச்சிகினு கீது.”

அவள் விரலை விட்டுப் பார்த்தாள். விரல் நீளத்துக்கு வெள்ளை வேர்கள். பெர்லைட் வேரைப் பிடித்து வைக்காது. அலுங்காமல் தூக்கினால் முழுசாக வந்துவிடும். செம்பருத்தியை அவள் தினமும் அப்படித்தான் எடுக்கிறாள்.

“இழுத்தா அறுந்துடும், அறுந்தா அழுகிடும். பத்து நாள் ஆடாம நில்லுங்க,” என்றாள்.

பத்தாம் நாள் வேர்கள் டப்பைத் துளைத்து, தளத்தைத் துளைத்து, சுவரோடு இறங்கித் தெருவைத் தொட்டன. சாவி வாங்க வந்த வீட்டுக்காரர் நீலமேகம் இடுப்பில் கை வைத்து நின்றார்.

“இன்னா பாய், காலி பண்றேன்னு வாக்கு குட்த்துட்டு இங்க நட்டுகினு கீற?”

“இட்டுகினு போறேண்ணே. உங்க செவுரும் கூடவே வரும், பரவால்லியா?” என்றாள் சாபிரா.

அந்த நேரம் துறைமுகத்து டிரெய்லர் ஒன்று தெருவில் போயிற்று. வழக்கமாக வீடே நடுங்கிக் காரை உதிரும். அன்று ஒரு பொட்டுத் தூசி விழவில்லை. நீலமேகம் சுவரைத் தடவிப் பார்த்துவிட்டு, இந்த முறை இத்தனை மாதம் என்று கெடு எழுதாமல் ஒரு அக்ரிமெண்ட் எழுதினார்.

கமால் நின்ற இடத்திலிருந்தே தரகு பார்த்தார். மழைக்குத் தார்ப்பாய், வெயிலுக்குத் தன் நிழல். மூன்றாம் வருடம் காதுக்குப் பின்னால் துளிர்த்தார். ஏழாம் வருடம் ஒரு காலையில், மணலிப் புகை படிந்த இலைகளைத் துடைத்துக்கொண்டே சாபிரா சொன்னாள்: “அன்னிக்கே உங்கள அலுங்காம எட்த்திருக்கலாம். நான்தான் சொல்லல.”

“தெரியும். நீ செம்பருத்தி எடுக்குறத நான் பாத்ததில்லியா? நானும்தான் கால ஆட்டிப் பாக்கல.”

சாபிரா அடுத்த இலையைத் திருப்பினாள். அடியில் மாவுப்பூச்சி. வேப்பெண்ணெய் எடுத்துவரக் கீழே இறங்கினாள்.